வினோத் வைகுண்டநாதன்

வினோத் வைகுண்டநாதன், மறையாக்கவியலிலும் கணிமைச் சிக்கலியலிலும் ஆய்வு செய்யும் கோட்பாட்டுக் கணினி அறிவியலாளர். அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் பேராசிரியர். 2003இல் சென்னை ஐ.ஐ.டி.யில் இளநிலைப் பட்டம் பெற்று, 2009இல் எம்.ஐ.டி.யில் ஷாஃபி கோல்ட்வாசரின் மாணவராக முனைவரானார். ஐ.பி.எம்., மைக்ரோசாஃப்ட் ஆய்வகங்களிலும் டொரொன்டோ பல்கலைக்கழகத்திலும் பணியாற்றி, 2013இல் எம்.ஐ.டி.க்கே ஆசிரியராகத் திரும்பினார்.

அவருக்குப் பெயர் தேடித் தந்தது பழைய கேள்வியொன்று. மாத்தளை வைத்தியசாலை தன் நோயாளரின் பரிசோதனை முடிவுகளை மறையாக்கி வெளிநாட்டுக் கணினியொன்றுக்கு அனுப்புவதாக வைத்துக்கொள்வோம். அவற்றைத் திறக்காமலே அங்கு கணக்கிட்டு, விடையையும் மறைத்தபடியே திருப்பி அனுப்ப முடியுமா? ரிவெஸ்ட், ஏடில்மன், டெர்டூசோஸ் ஆகியோர் 1978இல் எழுப்பிய கேள்வி இது. 2009இல் கிரெய்க் ஜென்ட்ரி முதல் வழியைக் கண்டார். ஆனால் அதன் பாதுகாப்பு, அதிகம் சோதிக்கப்படாத கணித ஊகங்களை நம்பியிருந்தது.

2011இல் ஸ்விகா பிராகெர்ஸ்கியும் வைகுண்டநாதனும் எழுதிய கட்டுரை அந்தக் குறையைத் தீர்த்தது. ஓடெட் ரெகெவ் 2005இல் வகுத்த 'பிழையுடன் கற்றல்' என்ற புதிரே அதற்குப் போதுமானதாயிற்று. பாடசாலையில் தீர்க்கும் ஒருங்கமை சமன்பாடுகள்தாம் அந்தப் புதிரின் அடிப்படை. ஒவ்வொரு விடையிலும் சிறு பிழையைக் கலந்து மாறிகளின் எண்ணிக்கையையும் கூட்டிவிட்டால், விரைவாகத் தீர்க்கும் வழி எவருக்கும் தெரியவில்லை. சிக்கலியலின் பங்கு இங்கேதான் பெரிது. எழுந்தமானமாக எடுத்த ஒரு புதிரை உடைக்க வல்லவரால், சாலகங்கள் எனப்படும் ஒழுங்கான புள்ளித் தொகுதிகள் பற்றிய மிகக் கடினமான கணக்குகளையும், குவாண்டம் கணினியின் துணையோடு, தீர்த்துவிட முடியும் என்று ரெகெவ் நிறுவியிருந்தார். சாத்தியம் என்று காட்டியது ஜென்ட்ரியின் சாதனை என்றால், அதை நம்பத்தக்கதாக்கியது இந்தக் கட்டுரை.

பாதுகாப்பைத் தரும் அதே பிழை, ஒவ்வொரு பெருக்கலிலும் வளர்ந்து கடைசியில் விடையையே அழித்துவிடக்கூடும். கணக்கில் வகுத்து மீதியை மட்டும் வைத்துக்கொள்ளப் பயன்படும் மட்டெண்ணைப் படிப்படியாகச் சிறிதாக்கி, அந்த வளர்ச்சியை அடக்கும் முறையை 2012இல் ஜென்ட்ரியுடன் சேர்ந்து இருவரும் வெளியிட்டனர். மூவரின் பெயர்களால் பி.ஜி.வி. என்று வழங்கும் முறை அது. இவ்விரு கட்டுரைகளுக்காக மூவருக்கும் 2022இல் கோடெல் பரிசு கிடைத்தது. கோல்ட்வாசர் உள்ளிட்டோருடன் இணைந்து வைகுண்டநாதன் நிறுவிய டூவாலிட்டி நிறுவனம் இந்த நுட்பத்தைத் தொழிற்துறைக்குக் கொண்டுசெல்கிறது.

2008இல் ஜென்ட்ரி, கிறிஸ் பைகெர்ட் ஆகியோருடன் அமைத்த சாலகக் கையொப்ப முறை இந்த அளவுக்குப் பேசப்படுவதில்லை. பேசப்பட வேண்டியது அது. குவாண்டம் கணினிகளின் தாக்குதலையும் தாங்க வேண்டுமென்று அமெரிக்காவின் தர நிர்ணய நிறுவனமான நிஸ்ட் 2022இல் தெரிவுசெய்த ஃபால்கன் எண்மக் கையொப்பம் அதன்மேல்தான் கட்டப்பட்டுள்ளது.