யாழும் கித்தாரும் திரைக்காதலும்

பத்துமலையில் முருகனைத் தொழுது திரும்பும் அன்பர்கள் பலர், அங்கிருந்து தென்கிழக்கே சில கல் தொலைவில், செத்தாபாக்கில் உள்ள ஓர் எளிய வீட்டை அறியார். மலாய்த் திரைக்கலைஞர் பி. ரம்லி தம் இறுதி ஆண்டுகளில் வாழ்ந்த வீடு அது. 1986ஆம் ஆண்டில் நினைவகமாகத் திறக்கப்பட்டது. அதற்கும் அப்பால், உலு கிள்ளானில், அவர் 1964 முதல் படமெடுத்த மெர்டேக்கா படப்பிடிப்பு நிலையம் இருந்தது. கையில் இசைக்கருவியும் நெஞ்சில் காதலுமாக ஒரு தலைவன் இந்நாட்டுத் திரையில் எவ்வாறு தோன்றினான் என்று ஆராயப் புகுவோர், இவ்விடங்களையும் இவற்றோடு தமிழருக்குள்ள தொடர்பையும் ஒதுக்கிவிட்டுச் செல்ல இயலாது.

அத்தலைவனின் கைக்கு உலகத் திரைப்படம் மிகுதியும் கொடுத்த கருவி கித்தார். இன்று நாம் காணும் அதன் உருவத்தை வகுத்தவர், ஸ்பெயின் நாட்டு அல்மேரியாவைச் சேர்ந்த அந்தோனியோ தெ தோரஸ் (1817–1892) என்பார். அவர் முதலில் தச்சுத்தொழில் பயின்றவர். கருவியின் உடலைப் பெரிதாக்கி, மேற்பலகையின் உட்புறத்தில் விசிறி விரித்தாற்போல் மெல்லிய மரச்சட்டங்களைப் பொருத்தி, ஒலிக்கு வளம் சேர்த்தார். அக்கருவிக்கு இலக்கியம் படைத்தவர் தாரெகா. அதனை உலக அரங்குகளுக்குக் கொண்டுசென்றவர் செகோவியா. 1952இல் ரெனே கிளெமான் இயக்கிய ஒரு பிரெஞ்சுப் படத்தில், நார்சிசோ யெப்பெஸ் தனியொரு கித்தாரால் இசையமைத்தார். 'ரொமான்ஸ்' என வழங்கும் பழைய மெட்டு அப்படத்தின் வழியாகவே உலகெங்கும் பரவியது. படமோ காதலரைப் பற்றியதன்று. போரில் பெற்றோரை இழந்த சிறுமியையும் ஓர் உழவர்வீட்டுச் சிறுவனையும் பற்றியது. எனினும் அம்மெட்டைக் கேட்போர் காதலையே நினைக்கின்றனர்.

காதற்காட்சிக்குக் கித்தார் பொருந்தியதற்குக் காரணம் வெளிப்படையானது. வீணைக்கு அமர்ந்தாக வேண்டும். நாகசுரமும் குழலும் வாயை அடைத்துவிடும். வயலின் முகவாயில் பதிவதால் முகம் சாய்ந்துவிடும். கித்தாரைத் தோளில் மாட்டிக்கொண்டு நடக்கலாம், நின்றும் மீட்டலாம், வாய் பாடுவதற்கும் கண்கள் காதலியை நோக்குவதற்கும் தடையில்லை. படப்பிடிப்புக் கருவியின் முன் நிற்கும் நடிகனுக்கு வேறென்ன வேண்டும்?

இக்கோலத்தை மேனாட்டு இறக்குமதி என்று ஒதுக்கும் தமிழறிஞர் உளர். அவர்கள் நம் காப்பியங்களை மறந்தவராவர். பெருங்கதையில் உதயணன் வாசவதத்தைக்கு யாழ் கற்பிக்கும் ஆசிரியனாக அமர்ந்தே காதல் வளர்த்தான். சீவகன் யாழ்ப்போட்டியில் வென்று காந்தருவதத்தையை மணந்தான். கோவலனும் மாதவியும் பிரிந்ததும் கடற்கரையில் யாழோடு பாடிய பாட்டினாலன்றோ! யாழ் வழக்கொழிந்தது, அதன் இலக்கணத்தை விபுலானந்த அடிகள் மீட்டெடுத்து 1947இல் 'யாழ்நூல்' வெளியிட வேண்டியதாயிற்று. நரம்பும் காதலும் சேர்ந்த அவ்வுறவு மட்டும் ஒழியவில்லை.

மலாயா மண்ணில் அது வேறு வழியில் வந்தது. 1511இல் மலாக்காவைக் கைப்பற்றிய போர்த்துகீசியரோடு ஐபீரிய நரம்புக்கருவிகள் இத்தீவுக்கூட்டத்தில் கால்கொண்டன. அவ்வழியில் ஜாவாவில் கிளைத்தது கெரோன்சோங் இசை. 1929இல் பினாங்கில் பிறந்த ரம்லி, அத்தகைய கெரோன்சோங் குழுக்களில் பாடியும் இசைத்தும் தேர்ந்தவர். அவரைக் கண்டெடுத்துச் சிங்கப்பூருக்கு அழைத்தவர் இயக்குநர் பி. எஸ். ராஜ்ஹான்ஸ். 1948இல் வந்த 'சிந்தா' படத்தில் ரம்லிக்குக் கிடைத்தது தீயவன் வேடம். கதைத்தலைவனுக்கோ அவர் திரைமறைவிலிருந்து குரல் கொடுத்தார். பாடும் திறம் ஒருவருக்கு, காதலன் வேடம் மற்றொருவருக்கு!

அந்நிலையை மாற்றியவர் ஒரு தமிழர். 1922இல் சென்னையில் பிறந்து, இளமையிலேயே பினாங்கில் குடியேறிய எல். கிருஷ்ணன், 1950இல் தாம் இயக்கிய 'பக்தி' படத்தில் ரம்லியைக் கதைத்தலைவராக்கினார். அவர் பாடல்களை அவரே பாடி நடிக்கச் செய்தார். முகமும் குரலும் ஒருவருடையதாயின. இசைக்கலைஞனே காதலனாக வரும் படங்களுக்கு அன்றே வழி திறந்தது.

பத்தாண்டு கழித்து ரம்லியே இயக்கிய 'அந்தாரா டுவா டார்ஜாட்' (1960) படத்தில், எளிய குடியிற் பிறந்த இசைக்கலைஞன் உயர்குடி நங்கைக்குப் பியானோ கற்பிக்கிறான், பாடம் காதலாகிறது, குலப்பெருமை குறுக்கே நிற்கிறது. பெருங்கதையை அறிந்தவர் இக்காட்சியில் உதயணனைக் காணாதிரார். உதயணன் மன்னன் மகன். ரம்லியின் தலைவனுக்கு அரண்மனையும் இல்லை, படையும் இல்லை.

தமிழ்த்திரையில் கித்தார்க்காதலனை நிலைநிறுத்தியவர் இளையராஜா. முறையாக மேனாட்டுக் கித்தார் பயின்றவர் அவர். அவர் இசையமைத்த 'மூடுபனி' (1980), 'பயணங்கள் முடிவதில்லை' (1982) ஆகிய படங்களின் கித்தார் ஒலி கிள்ளானிலும் பிரிக்பீல்ட்ஸிலும் ஒரு தலைமுறையின் செவிகளில் நிறைந்தது. பின்னதில் கித்தார் மீட்டியவர் சந்திரசேகர். பாடலைப் பாடிய எஸ். பி. பாலசுப்பிரமணியத்தை அறியாதவர் இல்லை. சந்திரசேகரை அறிந்தவர் சிலரே.

கிருஷ்ணனுக்கு நேர்ந்ததும் அதுவே. இந்தியாவிலிருந்து வந்த இயக்குநர்கள் மலாய்ப் படங்களில் ஆடல்பாடலைத் திணித்தனர் என்று ஒரு வரியில் முடிப்போர் உண்டு. அதில் பாதி உண்மை இருக்கலாம். அப்பாடலைப் பாடியவனையே காதலனாக நிறுத்திய கண் எவருடையது என்பதையும் அவர்கள் எழுத வேண்டும். ரம்லி 1973ஆம் ஆண்டு மே 29ஆம் நாள் மறைந்தார். அவர் பெயரால் கோலாலம்பூரில் சாலையும் உண்டு. கிருஷ்ணன் மறைந்தது 2013இல். ரம்லியின் பாடல்களை மனப்பாடமாகப் பாடும் நம் பள்ளி மாணவர்க்கு அவர் பெயரைச் சொல்லிக் கொடுக்க ஒரு பாடவேளை போதும்.