ஆட்சியைப் பிடித்த பழைய வேன்

வீடு மாதிரி தங்கிக்கொள்ளும் வண்டியை வெளிநாட்டில் மோட்டார்ஹோம் என்கிறார்கள். நம்மூரில் கேரவன் என்றால்தான் புரியும். சினிமா நட்சத்திரங்கள் ஓய்வெடுக்கும் சொகுசு வண்டி என்றுதான் பலருக்கும் நினைப்பு. ஆனால் ஒரு பழைய வேனைத் தேவைக்கேற்ப மாற்றி, அதிலேயே மாதக்கணக்கில் வாழ்ந்து, ஒரு மாநிலத்தின் ஆட்சியையே மாற்றிய கதை நம் பக்கத்து மாநிலத்தில் நடந்திருக்கிறது.

'கர்ணன்' (1964) படத்தில் கிருஷ்ணராக வந்த என்.டி.ராமாராவை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். அவர் 1982 மார்ச் 29 அன்று தெலுங்கு தேசம் கட்சியைத் தொடங்கினார். அப்போது அவருக்கு வயது 58. ஆந்திரப் பிரதேசம் உருவான 1956 முதல் அங்கே காங்கிரஸ்தான் ஆட்சி. எதிரில் ஊருக்கு ஊர் கிளை வைத்திருந்த பெரிய கட்சி. இவரிடமோ கிளைகளும் இல்லை, பழகிய தொண்டர்களும் இல்லை. மக்கள் கட்சியைத் தேடி வரமாட்டார்கள், கட்சிதான் மக்களைத் தேடிப் போகவேண்டும்!

அதற்காக அவர் எடுத்தது 1940ஆம் ஆண்டு மாடல் செவ்ரோலே வேன். கட்சியை விட அந்த வண்டிக்கு 42 வயது அதிகம்! செவ்ரோலே வண்டிகளை ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் 1928 முதல் பம்பாயில் பூட்டி விற்றது. வெளிநாட்டு உதிரி பாகங்களை வைத்து வண்டி பூட்டுவதற்கு அரசு கட்டுப்பாடு கொண்டுவந்ததும் 1954இல் கடையைக் கட்டியது. ஆக, நிறுவனமே போய் 28 வருடம் ஆன பிறகு அந்த வேன் மறுபடி ரோட்டுக்கு வந்தது.

செய்த மாற்றங்கள் எல்லாம் தேவைக்கு மட்டுமே. கூரைமேல் ஏறி நின்று பேச வசதி, ஒலிபெருக்கி, உள்ளே படுக்க இடம். பெயர் 'சைதன்ய ரதம்'. ஓட்டியவர் மகன் ஹரிகிருஷ்ணா. படத்தில் தேரோட்டியாக வந்தவர் இங்கே தேரில் ஏறிவிட்டார், தேரோட்டும் வேலை மகனுக்கு வந்துவிட்டது! காக்கி உடை, சாலையோரக் குளியல், சாலையோரச் சாப்பாடு, வண்டியிலேயே தூக்கம். மாமல்லபுரத்து ஐந்து ரதங்கள் நின்ற இடத்தில் நிற்கின்றன. இந்த ரதமோ பல்லாயிரம் கிலோமீட்டர் ஓடியது. மேடை, அலுவலகம், வீடு மூன்றும் அதுதான்.

1983 ஜனவரியில் தேர்தல். மொத்தம் 294 தொகுதிகள், தெலுங்கு தேசத்துக்கு 200க்கு மேல். ஜனவரி 9 அன்று அவர் முதல்வர் ஆனார். கட்சி தொடங்கி பத்து மாதம்கூட ஆகவில்லை. வேன் மட்டுமே வெற்றிக்குக் காரணம் என்று சொல்லமுடியாது. அவருடைய சினிமாப் புகழும் காங்கிரஸ் மீதிருந்த கோபமும் பெரிய காரணங்கள். ஆனால் அந்தப் புகழை கிராமத்து வாசல் வரை கொண்டுபோனது வேன்தான். பிறகு 1990இல் அத்வானி ஒரு டொயோட்டா வண்டியை ரதமாக மாற்றிக்கொண்டு சோமநாத்திலிருந்து கிளம்பினார். வண்டி வைத்து அரசியல் செய்வது நாடு முழுவதும் பரவிவிட்டது.

இன்று கேளம்பாக்கத்தில் ஒருவர் பழைய வேனை வாங்கி வீடாக்க ஆசைப்பட்டால் முதலில் பார்க்கவேண்டியது 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆவது பிரிவு. தயாரிப்பாளர் குறிப்பிட்ட விவரங்களுக்கு முரணாக வண்டியை மாற்றக்கூடாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. மாற்றம் எதுவானாலும் ஆர்.டி.ஓ. அனுமதி வாங்கி, ஆர்.சி. புத்தகத்தில் ஏற்றவேண்டும். பிரேக்கும் எடையும் மற்றவர்களின் உயிர் சம்பந்தப்பட்டவை என்பதால் இதில் நியாயமும் இருக்கிறது.

கணக்குப் பதிவியலில் வண்டிக்கு வருடா வருடம் தேய்மானம் கழிப்பார்கள். 42 வருடம் கழித்தால் கையில் நிற்பது பழைய இரும்பு விலை மட்டுமே. சைதன்ய ரதத்துக்கும் பேரேட்டில் அதுதான் மதிப்பாக இருந்திருக்கும். அந்த வண்டியை வைத்து என்ன செய்யப்போகிறோம் என்று தெரிந்த ஒருவர் கையில் அது கிடைத்தபோது என்ன மதிப்பு வந்தது என்பதை எந்தப் பேரேட்டிலும் எழுதமுடியாது. யோசித்துப் பாருங்கள்!