கை வராத சேரும் கடதாசிக் கொக்கும்



போன கிழமை தரம் 11 வகுப்பில் இரண்டாம் உலகப் போர் பாடம். ஹிரோஷிமாவுக்கு வந்தால் சடாகோ சசாகியைச் சொல்லாமல் விட முடியாது. 1945 ஓகஸ்ட் 6ஆம் திகதி குண்டு விழுந்தபோது அவளுக்கு இரண்டு வயது. பத்து வருடங்களுக்குள் இரத்தப் புற்றுநோய் வந்தது. ஆயிரம் கொக்கு மடித்தால் நினைத்தது நடக்கும் என்பது ஜப்பானியர் நம்பிக்கை. வைத்தியசாலைக் கட்டிலில் இருந்தபடி அவள் கடதாசிக் கொக்குகள் மடித்தாள். 1955 ஒக்டோபரில், 12 வயதில் இறந்துபோனாள்.

"சேர், அந்தக் கொக்க எப்படி மடிக்கிற?" என்று ஒரு பிள்ளை கேட்டது. "நாளைக்குக் காட்டுறன்" என்று வாய்தவறிச் சொல்லிவிட்டேன்.

என்னைத் தெரிந்தவர்கள் இப்போதே சிரிப்பீர்கள். நான் கொப்பிக்கு உறை போட்டாலே கோணிப் போகும். சின்ன வயதில் நான் செய்த ஒரு பெட்டியை வகுப்புக்கே தூக்கிக் காட்டி, "இவனுக்குக் கை வராது" என்றார் ஓர் ஆசிரியர். அதை நம்பியே நாற்பது வயதைத் தாண்டிவிட்டேன்.

அன்றிரவு எட்டுத் தாள் வீணானது. ஒன்பதாவதில் வந்தது கொக்கு அல்ல, கழுத்தொடிந்த கோழி. ஆனால் செய்முறைப் படத்தில் இருந்த அம்புக்குறிகளும் கோடுகளும் என்னைப் பிடித்துக்கொண்டன. இவற்றை முதலில் வரைந்தது யார்? வரலாற்று ஆசிரியனின் வியாதி, தேடத் தொடங்கிவிட்டேன்.

கடதாசி சீனாவில் பிறந்தது. மேற்கே சமர்கந்து, பக்தாத் வழியாக அரபுலகுக்குப் போனது. கிழக்கே ஏழாம் நூற்றாண்டளவில் ஜப்பானைச் சேர்ந்தது. அங்கே ஆரம்பத்தில் அது விலையுயர்ந்த பொருள். சடங்குகளிலும் அன்பளிப்புகளிலும்தான் மடித்தார்கள். கடதாசி மலிந்த பிறகே மடிப்பு சாதாரண மக்களின் விளையாட்டானது. 1797இல் கியோத்தோவில் ஒரு புத்தகம் வந்தது. ஒரே தாளை வெட்டி, ஒன்றோடொன்று இணைந்த கொக்குகளை மடிக்கும் 49 வகைகள் அதில் உண்டு. படங்களும் உண்டு. ஆனால் இன்றைய அம்புக்குறி முறை இல்லை. பெரும்பாலும் உம்மா மகளுக்குக் காட்டுவதுபோல, ஒரு கை இன்னொரு கைக்குக் காட்டித்தான் இந்தக் கலை வளர்ந்தது. காட்ட ஆளில்லாதவருக்குக் "கை வராது".

ஐரோப்பாவில் ஃபுரோபெல் என்ற ஜேர்மனியர் தொடங்கிய கிண்டர்கார்டன் முறையில் தாள் மடிப்பும் ஒரு பயிற்சி. அதிலிருந்து யோசனை பெற்று, 1893இல் மதராஸில் டி. சுந்தர ராவ் என்பவர், தாளை மடித்தே கேத்திரகணிதம் படிக்கலாம் என்று ஆங்கிலத்தில் ஒரு புத்தகமே எழுதினார்.

நான் தேடிய ஆள் அகிரா யோஷிசாவா. 1911இல் ஒரு விவசாயக் குடும்பத்தில் பிறந்து, 13 வயதில் டோக்கியோவில் தொழிற்சாலை வேலைக்குப் போனவர். பிறகு அங்கேயே புதிய தொழிலாளருக்குக் கேத்திரகணிதம் விளங்கப்படுத்தும் வேலை கிடைத்தது. அவர் தாளை மடித்துக் காட்டினார். பின்னர் வேலையை விட்டு, வீடு வீடாக உணவுப் பண்டம் விற்று, வறுமையில் இருந்தபடி மடித்துக்கொண்டே இருந்தார். 1954இல் வந்த அவரது புத்தகத்தில்தான் அந்தக் குறியீடுகள்: உள்ளே மடிய ஒரு கோடு, வெளியே மடிய வேறொரு கோடு, திசைக்கு அம்புக்குறி. மொழி தெரியாதவரும் பார்த்து மடிக்கலாம். 1961க்குப் பிறகு மற்ற நாட்டு எழுத்தாளர்களும் அதை ஏற்றுக்கொண்டார்கள். இன்று உலகம் முழுக்க அதுதான்.

மறுநாள் என் கோழியை வகுப்பில் காட்டினேன். சிரிப்பு அடங்க ஐந்து நிமிடம் எடுத்தது. பின் வாங்கிலிருந்து ஒரு பொடியன் எழும்பி வந்து, அதைப் பிரித்துப் பார்த்தான்.

"சேர், மொத மடிப்பே பிழை. மூல மூலையோட சேரல்ல. இனி என்ன செஞ்சாலும் சரி வராது."

சொல்லிவிட்டுப் புதுத் தாளை எடுத்து, ஒவ்வொரு மடிப்பாக, நான் செய்து முடிக்கும்வரை பொறுமையாகக் காட்டினான். எனக்குக் கொக்கு வந்தது.

அவன் யார் தெரியுமா? போன தவணைப் பெற்றோர் கூட்டத்தில், "இவருக்குப் படிப்பு ஏறாது உம்மா" என்று நான் சொன்ன பிள்ளை.

எனக்கு ஒருவர் சொன்ன அதே வசனம். அவனுடைய முதல் மடிப்பு எங்கே பிழைத்தது என்று நான் ஒருநாளும் பிரித்துப் பார்க்கவில்லை.

நேற்று அந்த உம்மாவுக்குக் கோல் எடுத்து, நான் சொன்னது பிழை என்றேன். இனிப் பாடசாலை முடிய அரை மணித்தியாலம் அவனோடு இருப்பதாகவும் சொன்னேன்.

கொக்கு என் மேசையில் இருக்கிறது. கழுத்து இன்னும் கொஞ்சம் கோணல்தான்.