ஆறு சிட்டிங் கவுன்சலிங்: பில் யாருக்கு?

வியாபாரத்தில் பால பாடம் ஒன்று உண்டு. ஒரு முறை வந்தவர் மறுபடியும் வர வேண்டும். அம்பத்தூர் ஓ.டி.யில் மளிகைக் கடை வைத்திருப்பவரும், ஆவடி மார்க்கெட்டில் துணி விற்பவரும், பூந்தமல்லியில் டூவீலர் பழுது பார்ப்பவரும் பிழைப்பது இந்த ஒரு விதியில்தான். புது வாடிக்கையாளரைப் பிடிப்பதற்குச் செலவு அதிகம், பழைய வாடிக்கையாளரைத் தக்கவைப்பதற்குச் செலவு குறைவு என்று பி.காம். முதல் வருடத்திலேயே சொல்லிக் கொடுத்துவிடுவார்கள்.

இந்த விதி அப்படியே தலைகீழாகப் புரளும் ஒரு தொழில் இருக்கிறது. அதுதான் குறுகிய கால உளச்சிகிச்சை. ஐந்து, ஆறு, அதிகம் போனால் பத்து சிட்டிங். வந்தவர் தேறிவிட்டால் மறுபடி வர மாட்டார். வராமல் இருப்பதுதான் வெற்றி! இன்னொரு சிக்கலும் உண்டு. நல்ல புடவை கிடைத்த கடையைப் பற்றி நாலு பேரிடம் சொல்வார்கள். கவுன்சலிங் போய்ச் சரியானவர் வாயே திறக்க மாட்டார். 'கீழ்ப்பாக்கம் கேஸ்' என்பது இன்னமும் வசைச் சொல்லாக இருக்கும் ஊரில் யார்தான் சொல்வார்கள்? ஆக, மறுபடி வரும் வாடிக்கையாளரும் இல்லை, வாய்வழி விளம்பரமும் இல்லை.

அப்படியானால் இந்தத் தொழில் உலகத்தில் எப்படிப் பிழைத்தது? யார் பணம் கொடுத்தார்கள்? வரலாற்றைக் கொஞ்சம் புரட்டினால் விடை கிடைக்கிறது.

ஃப்ராய்டின் பில்

உளப்பகுப்பாய்வின் தந்தை சிக்மண்ட் ஃப்ராய்ட் பண விஷயத்தில் கறாரானவர். 1913ல் எழுதிய ஒரு கட்டுரையில் தன் முறையை வெளிப்படையாகச் சொல்கிறார். தன்னுடைய நாளில் ஒரு மணி நேரத்தை நோயாளி குத்தகைக்கு எடுக்கிறார். வந்தாலும் வராவிட்டாலும் அந்த நேரத்துக்குக் காசு கட்ட வேண்டும். ஞாயிறும் பண்டிகை நாளும் தவிர தினமும் சிகிச்சை. மாதக் கணக்கில், சில சமயம் ஆண்டுக் கணக்கில் நீளும். மருத்துவருக்கு இது நிலையான வருமானம். ஆனால் வசதியானவர்களுக்கு மட்டுமே கட்டுப்படியாகும்.

அதே ஃப்ராய்ட் 1910ல் இசைமேதை குஸ்தாவ் மாலரை நெதர்லாந்தின் லைடன் நகரில் சந்தித்தார். இருவரும் ஊரைச் சுற்றி நடந்தபடி சுமார் நான்கு மணி நேரம் பேசினார்கள். அவ்வளவுதான் சிகிச்சை. உலகின் புகழ்பெற்ற 'ஒரே சிட்டிங்' சிகிச்சை இதுவாகத்தான் இருக்கும். மறு வருடம் மாலர் இறந்துபோனார். அதற்குப் பிறகு அவருடைய சொத்துப் பொறுப்பாளருக்கு ஃப்ராய்ட் பில் அனுப்பினார்! குறுகிய கால சிகிச்சைக்கும் வசூல் பிரச்சனைக்கும் உறவு அன்றே தொடங்கிவிட்டது.

1918ல் புடாபெஸ்ட் மாநாட்டில் ஃப்ராய்ட் வேறு குரலில் பேசினார். அறுவை சிகிச்சைக்கு ஏழைக்கு உள்ள உரிமை மனச் சிகிச்சைக்கும் உண்டு என்றார். அதற்கான நிலையங்கள் ஒரு நாள் வரும், அங்கே சிகிச்சை இலவசமாக இருக்கும், ஆனால் முறையைக் கொஞ்சம் எளிமையாக்க வேண்டி வரும் என்றார். சொன்னபடியே 1920ல் பெர்லினில் ஒரு இலவச நிலையம் திறந்தது. பணம் யாருடையது? மாக்ஸ் ஐடிங்கான் என்ற மருத்துவருடையது. அவர் குடும்பம் ரோம வியாபாரத்தில் பெரும் செல்வம் சேர்த்தது. 1933ல் நாஜிகள் ஆட்சிக்கு வந்ததும் யூதரான அவர் ஜெர்மனியை விட்டு வெளியேறினார். ஒரே ஒரு கொடையாளியை நம்பிய நிலையம் எவ்வளவு பலவீனமானது என்பதற்கு இது நல்ல உதாரணம்.

நீளத்தைத் தீர்மானிப்பது யார்?

1966ல் அமெரிக்காவில், கலிபோர்னியாவின் பாலோ ஆல்டோவில் ஒரு குறுகிய கால சிகிச்சை மையம் தொடங்கியது. ரிச்சர்ட் ஃபிஷ், ஜான் வீக்லண்ட், பால் வாட்ஸ்லாவிக் ஆகியோர் அதை நடத்தினார்கள். அதிகபட்சம் 10 சிட்டிங் என்று வரம்பு வைத்தார்கள். பழைய கதையைக் கிளறாமல், இன்றைக்கு இருக்கும் ஒரு பிரச்சனையை எடுத்து அதை மட்டும் நகர்த்திப் பார்ப்பது அவர்கள் வழி. அது ஆராய்ச்சி மையம் என்பதால் வாடகைக்கும் சம்பளத்துக்கும் வரும் நோயாளியை மட்டும் நம்ப வேண்டிய அவசியம் இல்லை.

அதே காலத்தில், அதே மாநிலத்தில், கைசர் பெர்மனென்டே என்ற மருத்துவ அமைப்பில் நிக்கோலஸ் கம்மிங்ஸ் என்ற உளவியலாளர் வேலை பார்த்தார். கைசரில் சந்தாதாரர்கள் மாதா மாதம் முன்பணம் கட்டிவிடுவார்கள். அதற்குப் பிறகு எத்தனை முறை டாக்டரிடம் வந்தாலும் செலவு கைசருடையது. உளச்சிகிச்சை பெற்றவர்கள் அதன் பிறகு மற்ற மருத்துவ சேவைகளைக் குறைவாகப் பயன்படுத்துகிறார்கள் என்று கம்மிங்ஸும் ஃபாலெட்டும் 1967ல் எழுதினார்கள். தலைவலி, நெஞ்சு படபடப்பு என்று திரும்பத் திரும்ப வந்தவர் வருவது குறைந்தால் லாபம் யாருக்கு? கைசருக்கு. அதனால் குறுகிய சிகிச்சைக்குப் பணம் போட கைசருக்குக் காரணம் இருந்தது.

ஆனால் கதை இத்துடன் முடியவில்லை. 1980களிலும் 90களிலும் அமெரிக்கக் காப்பீட்டு நிறுவனங்கள் இந்தப் பாடத்தை வேறு மாதிரி படித்துக்கொண்டன. சிட்டிங் எண்ணிக்கையைக் கம்பெனியே நிர்ணயித்தது. மேலும் தேவை என்றால் அனுமதி வாங்க வேண்டும். சிகிச்சை முறையாகப் பிறந்த 'குறுகிய காலம்', செலவுக் குறைப்புத் திட்டமாக மாறிப்போனது. பணம் கட்டுபவர்தான் நீளத்தை முடிவு செய்கிறார் என்பதை இந்த வரலாறு பளிச்சென்று காட்டுகிறது.

இங்கிலாந்தில் 2006ல் பொருளாதார நிபுணர் ரிச்சர்ட் லேயர்டின் குழு ஒரு கணக்குப் போட்டது. ஒருவருக்கு ஒரு முழுச் சிகிச்சைக்கு 750 பவுண்டு ஆகும். அவர் தேறி வேலைக்குத் திரும்பினால், உதவித்தொகை மிச்சம், வரி வரவு என்று அரசுக்கு அந்தப் பணம் திரும்பி வந்துவிடும். அரசு ஒப்புக்கொண்டது. 2008ல் தேசிய அளவில் திட்டம் தொடங்கியது. இப்போது அதன் பெயர் 'என்.எச்.எஸ். டாக்கிங் தெரபிஸ்'. இங்கே பணம் போடுவது அரசுக் கருவூலம்.

சென்னையின் கணக்கு

நம்ம ஊருக்கு வருவோம். சென்னையில் மனநலத்துறை தொடங்கியதே ஒரு தனியார் தொழிலாகத்தான்! 1794ல் வாலன்டைன் கானலி என்ற கிழக்கிந்தியக் கம்பெனி மருத்துவர் மனநோயாளிகளுக்காக ஒரு இல்லம் திறந்தார். கட்டடம் அவருடையது, பணம் கம்பெனி கொடுத்தது. ஆளை உள்ளே வைத்திருந்தால்தான் வருமானம். சீக்கிரம் குணப்படுத்தி அனுப்புவதில் வியாபார லாபம் ஏதும் இல்லை. பிறகு அரசு நிறுவனமாகி, 1871ல் கீழ்ப்பாக்கத்துக்கு இடம் மாறி, 1978ல் மனநலக் கழகம் என்று பெயர் பெற்றது.

1961ல் அங்கே கண்காணிப்பாளர் பொறுப்புக்கு வந்தவர் டாக்டர் சாரதா மேனன். இந்தியாவின் முதல் பெண் மனநல மருத்துவர் என்று அறியப்படுபவர். நோயாளியை உள்ளே வைத்திருப்பது போதாது, வேலை கற்றுக்கொடுத்து வெளியே அனுப்ப வேண்டும் என்று உழைத்தவர். ஓய்வுக்குப் பிறகு 1984ல் ஸ்கார்ஃப் அமைப்பைத் தொடங்கினார். அது அண்ணா நகர் மேற்கு விரிவில் இருக்கிறது. 1986ல் டாக்டர் லட்சுமி விஜயகுமார் தற்கொலைத் தடுப்புக்காக சினேகாவைத் தொடங்கினார். தொண்டர்கள் காது கொடுத்துக் கேட்பார்கள், கட்டணம் கிடையாது. 1993ல் தொடங்கிய பான்யன் அமைப்பின் இல்லம் அம்பத்தூருக்குப் பக்கத்தில், முகப்பேரில் வளர்ந்தது.

இவை எல்லாமே அரசுப் பணத்திலோ நன்கொடையிலோ தொண்டிலோ நடப்பவை. ஸ்கார்ஃபும் பான்யனும் முதலில் கவனித்தது கடுமையான மனநோயை. அது தேவையான வேலை என்பதை ஏர்வாடி காட்டியது. 2001 ஆகஸ்ட் 6 அதிகாலை, தனியார் விடுதி ஒன்றில் சங்கிலியில் கட்டப்பட்டிருந்த மனநோயாளிகள் 28 பேர் தீயில் மாண்டார்கள். குடும்பங்கள் காசு கொடுத்தே அங்கே விட்டிருந்தன. கானலி காலத்து வியாபார முறை இருநூறு வருடம் கழித்தும் உயிரோடு இருந்தது: வைத்திருப்பதற்குப் பணம் உண்டு, தேற்றி அனுப்புவதற்குப் பணம் இல்லை.

நடுவில் விட்டுப்போனவர்கள் யார்? ஆஸ்பத்திரியில் சேர்க்கும் அளவுக்கு நோய் இல்லை. ஆனால் தூக்கம் இல்லை, கடன் கழுத்தை நெரிக்கிறது, குடி கூடிவிட்டது, மார்க் ஷீட்டைப் பார்க்கவே பயம். இவர்களுக்குத்தான் ஆறு சிட்டிங் போதுமானதாக இருக்கலாம். இவர்களுக்குத்தான் யாரும் பில் கட்டுவதில்லை.

ஒரு சின்ன அறையின் வரவு செலவு

ஒரு கற்பனைக் கணக்கு. அம்பத்தூரில் ஒரு தெரபிஸ்ட் அறை எடுக்கிறார். மாத வாடகை 12,000, கரண்ட், போன், துப்புரவு 4,000, பகுதி நேர உதவியாளர் 8,000, மேற்பார்வை, பயிற்சி 4,000, தன் சம்பளம் 40,000. மொத்தம் 68,000 ரூபாய். ஒரு சிட்டிங்குக்கு 700 ரூபாய் வாங்கினால் மாதம் 98 சிட்டிங் நடந்தாக வேண்டும். ஐந்தில் ஒருவர் சொல்லாமல் வராமல் போனால் 122க்கு மேல் புக்கிங் வேண்டும்.

நீண்ட கால சிகிச்சை என்றால் வாரம் ஒரு முறை வரும் 25 பேர் போதும். வருடம் முழுக்க அதே 25 பேர். ஆறு சிட்டிங்கில் முடிப்பவருக்கோ மாதம் 16 புது ஆட்கள் வேண்டும், வருடத்துக்குக் கிட்டத்தட்ட 196 பேர்! விளம்பரம் செய்ய முடியாத தொழிலில் 196 புது வாடிக்கையாளர்கள். தெரபிஸ்ட் எவ்வளவு நேர்மையானவராக இருந்தாலும், 'இன்னும் ரெண்டு சிட்டிங் வந்துட்டுப் போங்களேன்' என்று சொல்லத் தூண்டுவது இந்தக் கணக்குதான்.

வருபவர் பக்கம் என்ன? 4,200 ரூபாய் கட்டணம். எஸ்டேட்டில் ஷிப்ட் வேலை பார்ப்பவருக்கு அதோடு ஆறு அரை நாள் சம்பளமும் போகும்.

இன்ஷூரன்ஸ் இல்லையா? 2017ம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் உடல் நோய்க்கு இணையாக மன நோய்க்கும் காப்பீடு வேண்டும் என்கிறது. ஆணையமும் 2018லும் 2022லும் கம்பெனிகளுக்கு இதை வலியுறுத்தியது. ஆனால் நம் பாலிசிகளில் பெரும்பாலானவை ஆஸ்பத்திரியில் படுத்தால்தான் காசு தருபவை. ஒரு மணி நேரம் பேசிவிட்டு பஸ் பிடித்து வீட்டுக்குப் போகிறவர் அந்தக் கணக்கில் வருவது அரிது.

செலவைக் குறைக்கும் வழி ஒன்றை கோவா காட்டியது. விக்ரம் படேல் குழுவினரும் சங்காத் அமைப்பும் அங்கே ஆரம்ப சுகாதார நிலையங்களில் ஒரு ஆய்வு நடத்தினார்கள். மனநலப் பட்டம் இல்லாத உள்ளூர் ஆட்களுக்குப் பயிற்சி கொடுத்து, 6 முதல் 8 சிட்டிங்கில் மனச்சோர்வுக்கு ஆலோசனை தரவைத்தார்கள். நல்ல பலன் இருந்தது என்று 2017ல் லான்செட் இதழில் முடிவு வெளிவந்தது. 2022 அக்டோபரில் மத்திய அரசு தொடங்கிய டெலி மானஸ் (எண் 14416) இலவசமாகப் போனில் பேச வழி செய்தது. செலவு குறைந்தாலும் கேள்வி மாறவில்லை. அங்கேயும் யாரோ ஒருவர் சம்பளம் கொடுத்தாக வேண்டும்.

ஏற்கெனவே தெரிந்த வழி

இந்தப் பகுதிக்குப் பொதுவில் பணம் சேர்த்து மருத்துவம் பார்ப்பது புதிதல்ல. ஆவடியில் 1961ல் தொடங்கிய கனரக வாகனத் தொழிற்சாலை போன்ற பெரிய இடத்தில் மருத்துவம் நிர்வாகத்தின் பொறுப்பு. 1964ல் உருவான அம்பத்தூர் தொழிற்பேட்டையின் சின்னச் சின்னப் பட்டறைகளுக்கு அது முடியாது. அவற்றுக்குக் கைகொடுத்தது ஈ.எஸ்.ஐ. 2019 ஜூலையில் நிர்ணயித்த விகிதப்படி சம்பளத்தில் நூற்றுக்கு முதலாளி 3.25, தொழிலாளி 0.75. கை நசுங்கினால் பார்த்துக்கொள்ள இப்படி ஒரு பொதுப் பணம் இருக்கிறது. அயனாவரத்தில் ஈ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரியும் பக்கத்திலேயே மனநலக் கழகமும் இருப்பதைப் பார்த்தால், இரண்டுக்கும் நடுவே விடுபட்டது எது என்பது புரியும்.

அதே கற்பனைக் கணக்கை இன்னொரு முறை போட்டுப் பார்க்கலாம். 2,000 தொழிலாளர்கள் உள்ள பட்டறைகள் ஒன்றுசேர்ந்தால், அந்த 68,000 ரூபாய்க்குத் தலைக்கு மாதம் 34 ரூபாய். ஏறக்குறைய ரெண்டு டீ, ஒரு வடை. வருடத்துக்கு 196 பேர் என்றால் பத்தில் ஒருவருக்கு ஆறு சிட்டிங் கிடைக்கும். தெரபிஸ்டும் ஆளைப் பிடித்துவைக்க வேண்டியதில்லை. சீக்கிரம் தேறினால் அடுத்தவருக்கு இடம்.

இரண்டு நிபந்தனைகள் மட்டும் தேவை, இரண்டுமே வரலாறு சொன்னவை. ஒன்று, பணம் கட்டுகிறவர் சிட்டிங் எண்ணிக்கையில் தலையிடக் கூடாது. ஆறில் முடியாதவருக்கு பத்து, அதிலும் முடியாதவருக்கு மனநல மருத்துவர். இரண்டு, யார் வந்தார் என்று முதலாளிக்குத் தெரியக் கூடாது. 15 பேர் வேலை செய்யும் பட்டறையில் 'உங்க ஆள் ஒருத்தர் வந்தார்' என்றாலே அடையாளம் தெரிந்துவிடும். எனவே எண்ணிக்கை கூட மொத்தமாகத்தான் போக வேண்டும்.

'வைத்தியனுக்குக் கொடுப்பதை வாணியனுக்குக் கொடு' என்பார்கள். நல்லெண்ணெய்க்குச் செலவு செய்தால் வைத்தியச் செலவு மிச்சம் என்று அர்த்தம். கைசரும் லேயர்டும் போட்டது இதே கணக்குதான். பெர்லினில் கொடையாளி, கலிபோர்னியாவில் சந்தா, இங்கிலாந்தில் அரசு. எங்கேயும் குறுகிய கால சிகிச்சை, வருபவரின் சட்டைப் பையை மட்டும் நம்பிப் பெரிதாக வளரவில்லை. அம்பத்தூரில் தனியாக அறை எடுத்து உட்காரும் தெரபிஸ்ட் தோற்றுப்போனால் அது அவருடைய திறமைக் குறைவு அல்ல. பில் தவறான ஆளிடம் நீட்டப்படுகிறது, அவ்வளவுதான்.