ஹவாய்த் தீவில் ஒரு மிஹ்ராப்

கோவையிலும் ஈரோட்டிலும் நம்மவர் இல்லங்களுக்குள் நுழைவோர், வரவேற்பறைச் சுவரில் கஅபாவின் படத்தையும், ஹஜ்ஜுக்குச் சென்று திரும்பியோர் கொணர்ந்த தொழுகை விரிப்பையும் காண்பது வழக்கம். தொலைநாட்டுக் கலைப்பொருளால் இல்லத்தை அழகுபடுத்தும் ஆசை எளியோர்க்கும் உண்டு, செல்வர்க்கும் உண்டு. அளவிறந்த செல்வம் படைத்த ஓர் அமெரிக்க மாது இவ்வாசையால் உந்தப்பெற்று, இஸ்லாமிய நாடுகளின் கலைகளைத் தேடித் தேடித் தம் வீட்டில் சேர்த்தார். அவர் செய்தவற்றுள் போற்றத்தக்கதும் உண்டு. நம் நெஞ்சை உறுத்துவதும் உண்டு.

அவர் பெயர் டோரிஸ் டியூக். 1912இல் நியூயார்க்கில் பிறந்தவர். புகையிலை வாணிகத்தில் பெரும்பொருள் ஈட்டிய தந்தை 1925இல் மறைந்தபோது, பன்னிரண்டு வயதுச் சிறுமியாக இருந்த டோரிஸ் பெருஞ்செல்வத்துக்கு உரியவரானார். 1935இல் மணம் முடித்துக் கணவருடன் உலகப் பயணம் புறப்பட்டவர், இந்தியாவுக்கும் வந்தார். ஆக்ராவில் தாஜ்மகாலைக் கண்டார். கண்டவர் உள்ளம் அதிலேயே தங்கிவிட்டது.

வெண்பளிங்கில் வண்ணக் கற்களைப் பதித்துப் பூவும் கொடியும் ஆக்கும் கலை, ஷாஜஹான் காலத்தோடு மாண்டுபோகவில்லை. ஆக்ராவின் கலைஞர்கள் அதனைத் தலைமுறை தலைமுறையாகக் காத்து வந்தனர். டோரிஸ் அவர்களிடமே தம் படுக்கையறைக்கும் குளியலறைக்கும் வேண்டிய பளிங்கு வேலைகளைச் செய்யப் பணித்தார். டெல்லியில் இருந்த பிளாம்ஃபீல்ட் என்னும் கட்டடக் கலைஞர் அதற்கு வரைபடம் ஆக்கினார். பளிங்குச் சாளரங்களும் பூவேலைப் பலகைகளும் கடல் கடந்து ஹவாய்த் தீவுக்குச் சென்றன. அங்கே, ஹொனலூலு நகரின் கடலோரத்தில், 1936 தொடங்கி 1938 வரை எழுந்ததுதான் ‘ஷாங்க்ரி லா’ என்று அவர் பெயரிட்ட மாளிகை.

மொரோக்கோவின் ரபாத் நகரிலும் இவ்வாறே செய்தார். அந்நாட்டுத் தச்சரும் ஓவியரும் செதுக்கி வண்ணம் தீட்டிய மரக்கூரைகள் 1937இல் உருவாயின. மறு ஆண்டு ஈரான், சிரியா முதலிய நாடுகளில் பயணம் செய்து, இஸ்ஃபஹான் கலைஞர்களிடம் வண்ண ஓடுகள் செய்யச் சொன்னார். இவையனைத்தும் வாழும் கைகளுக்கு வேலை தந்த கொள்முதல்கள். பொருள் வீட்டுக்கு வந்தது. கூலி கலைஞனுக்குச் சென்றது. கலை அவனிடமே தங்கியது. இதில் யாருக்கும் இழப்பில்லை.

இனி மற்றொரு பக்கத்தைக் காண்போம். தெஹ்ரானுக்குத் தென்கிழக்கே வராமீன் என்னும் ஊரில் இமாம்ஸாதா யஹ்யா என்ற அடக்கத்தலம் உள்ளது. ஹிஜ்ரி 663இல், அதாவது 1265இல், காஷான் நகரத்து அலீ இப்னு முஹம்மத் இப்னு அபீ தாஹிர் அதற்கென ஒரு மிஹ்ராப் செய்தளித்தார். மட்பாண்டக் கலையில் புகழ்பெற்ற குடும்பத்தில் வந்தவர் அவர். சுட்ட ஓட்டின்மீது வெள்ளி, செம்புக் கலவையால் எழுதி, புகை சூழ்ந்த சூளையில் மீண்டும் சுட்டால் பொன்போல் மின்னும். அத்தகைய ஓடுகளை இணைத்து, பன்னிரண்டு அடிக்கும் மேற்பட்ட உயரத்தில், திருமறை வசனங்கள் சூழ அமைந்தது அம்மிஹ்ராப்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அத்தலத்தின் ஓடுகள் ஒவ்வொன்றாகப் பெயர்க்கப்பட்டன. இன்று அவை லண்டன், செயின்ட் பீட்டர்ஸ்பர்க் முதலிய நகரங்களின் காட்சிசாலைகளில் சிதறிக் கிடக்கின்றன. மிஹ்ராபும் வணிகர் கைக்குச் சென்றது. 1940இல் டோரிஸ் அதனை விலைக்கு வாங்கினார். பெயர்த்தவர் அவர் அல்லர். அவர் பிறக்கும் முன்பே அது பெயர்க்கப்பட்டுவிட்டது. ஆயினும், அறுநூறு ஆண்டுகளுக்கு மேலாகத் தொழுவோர்க்குத் திசைகாட்டி நின்ற மிஹ்ராப், ஒரு சீமாட்டியின் வீட்டு அலங்காரமாயிற்று. வராமீனில் அடக்கத்தலம் இன்றும் இருக்கிறது, மக்கள் வருகின்றனர், சுவரில் அந்த இடம் மட்டும் வெறுமையாய் நிற்கிறது.

நம் நாட்டிலும் இத்தகைய சேகரிப்பாளர் ஒருவர் இருந்தார். ஹைதராபாத்தில் நிஜாமின் திவானாக 1912 முதல் 1914 வரை விளங்கிய மூன்றாம் ஸாலார் ஜங், தம் எஞ்சிய வாழ்நாளைப் பொருள் சேர்ப்பதிலேயே செலவிட்டார். ஸுல்தான் இல்துத்மிஷின் பெயர் பொறித்த ரெஹால் ஒன்றும் அவர் சேகரிப்பில் உண்டு. மணமாகாமலே 1949இல் மறைந்தார். 1951இல் அவருடைய மாளிகையையே அருங்காட்சியகமாக்கி நேரு திறந்துவைத்தார். டோரிஸும் பிள்ளையின்றியே 1993இல் மறைந்தார். பிறந்த மறுநாளே இறந்த மகள் ஒருத்திதான் அவருக்கு இருந்தாள். அவருடைய விருப்பமுறியின்படி ஷாங்க்ரி லா 2002 முதல் மக்கள் பார்வைக்குத் திறக்கப்பட்டது. இரண்டாயிரத்து ஐந்நூறுக்கும் மேற்பட்ட பொருள்கள் அங்குள்ளன. இருவருமே தமக்கெனச் சேர்த்தனர். இறுதியில் அது ஊருக்குப் போய்ச் சேர்ந்தது.

வீட்டை அழகுபடுத்துவது குற்றமன்று. ஆனால் ஒரு பொருளை வாங்குமுன் இரண்டு கேள்விகள் கேட்கவேண்டும். இதைச் செய்த கை எது? இது எந்தச் சுவரிலிருந்து வந்தது? முதற் கேள்விக்கு நல்ல விடை கிடைக்குமானால், அப்பொருள் இரு வீடுகளுக்கு ஒளி தரும். வாங்கியவர் வீட்டுக்கும், செய்தவர் வீட்டுக்கும். இரண்டாவதற்கு விடை கிடைக்காவிடில், அதனைத் தொடாமல் விடுவதே நலம்.

அத்தகைய கைகளைத் தேடி நாம் இஸ்ஃபஹானுக்குப் போகவேண்டியதில்லை. காவிரியும் பவானியும் கூடும் பவானி நகரில் நெசவாளர் கைத்தறியில் நெய்யும் பட்டைக்கரை ஜமக்காளம், நம் வீட்டு விழாக்களில் விரிக்கப்படுகிறது. விசைத்தறிப் போலிகளின் முன் அத்தறிகள் திணறுகின்றன. நெல்லைச் சீமையின் பத்தமடையில் லெப்பைப் பெண்மணிகள் கோரைப் புல்லைக் கிழித்துப் பட்டுப்போல் மெல்லிய பாய் முடைகின்றனர். அடுத்த மணத்துக்கு விரிப்பு வாங்கும் குடும்பங்கள், கடைக்காரரிடம் இது கைத்தறியா என்று ஒரு சொல் கேட்டு வாங்கினால் போதும். ஆக்ராவின் கலைஞனுக்கு ஓர் அந்நிய மாது செய்த நன்மையை, நம் அண்டை ஊர்க் கலைஞனுக்கு நாம் செய்தவர்களாவோம்.