வட்டி இல்லாமல் ஒரு வீடு

நம் வளாகத்தில் வீட்டுக் கடன் தவணை என்றால் என்னவென்று தெரியாத வீடு அநேகமாக இருக்காது. ஒரு சின்னக் கணக்கோடு ஆரம்பிக்கிறேன். 20 லட்சம் ரூபாய் கடன், 8.5 சதவீத வட்டி, 20 வருடம் என்றால் மாதத் தவணை சுமார் 17,350 ரூபாய். கட்டி முடிக்கும்போது மொத்தம் 41 லட்சத்துக்கு மேல் போயிருக்கும். அதாவது வீட்டுக்கு ஒரு விலை, வட்டிக்கு அதைவிடச் சற்றுக் கூடுதலாக இன்னொரு விலை. வட்டியே இல்லையென்று வைத்துக்கொண்டால் அதே கடனுக்கு மாதம் 8,333 ரூபாய் கட்டினால் போதும்.

இந்தக் கணக்கை நான் போட்டுப் பார்த்ததற்கு ஒரு காரணம் உண்டு. எங்கள் வீட்டில் வேலை செய்யும் அம்மா மாதம் தவறாமல் வாடகை கட்டுகிறார். ஒரு தடவை கடன் கேட்டு வங்கிக்குப் போனார். சம்பளச் சீட்டு கேட்டார்கள். நாலு வீட்டில் பாத்திரம் தேய்ப்பவருக்கு யார் சம்பளச் சீட்டு கொடுப்பது? திரும்பி வந்துவிட்டார். கட்டும் ஒழுங்கு இருக்கிறது, கடன் கொடுக்கத்தான் ஆளில்லை. இதே சிக்கலை அமெரிக்காவில் ஒரு பண்ணைக்காரர் வேறு விதமாகத் தீர்க்கப் பார்த்தார். அந்தக் கதைதான் இது.

ஜார்ஜியா மாநிலத்தில் அமெரிக்கஸ் என்று ஒரு சிற்றூர். அதற்கு அருகே 1942-ல் கிளாரன்ஸ் ஜோர்டன், அவர் மனைவி ஃபிளாரன்ஸ், இன்னொரு தம்பதி ஆகியோர் 440 ஏக்கர் நிலத்தை வாங்கி ஒரு பண்ணை தொடங்கினார்கள். பெயர் கொயினோனியா. பகிர்ந்து வாழ்தல் என்ற பொருள் தரும் கிரேக்கச் சொல் அது. ஜோர்டன் விவசாயப் பட்டதாரி, பைபிளின் கிரேக்க மூலத்தில் முனைவர் பட்டமும் பெற்றவர். பண்ணையில் வெள்ளையரும் கறுப்பரும் ஒரே மேசையில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள், வேலைக்கு ஒரே கூலி வாங்கினார்கள். அன்றைய தென் மாநிலங்களில் இது சாதாரண விஷயமில்லை.

ஆரம்பத்தில் ஊர் முணுமுணுத்ததோடு சரி. 1956-ல், வெள்ளையருக்கு மட்டுமான ஒரு கல்லூரியில் சேர விரும்பிய கறுப்பின மாணவர்களுக்கு ஜோர்டன் உதவப் போனதும் ஊரே திரும்பியது. கடைக்காரர்கள் உரமும் விதையும் விற்க மறுத்தார்கள். விளைந்ததை வாங்கவும் ஆளில்லை. காப்பீடு ரத்தானது. சாலையோரத்தில் பண்ணை வைத்திருந்த கடை வெடிவைத்துத் தகர்க்கப்பட்டது. இரவில் வீடுகளை நோக்கித் துப்பாக்கிச் சூடும் நடந்தது. நம் ஊரில் ஊர்விலக்கு என்று கேள்விப்பட்டிருப்போமே, அதேதான். பலர் வெளியேறினார்கள். மிஞ்சியவர்கள் பீக்கன் கொட்டைகளைத் தபாலில் வெளி மாநிலங்களுக்கு விற்றுப் பிழைத்தார்கள். தபாலை மட்டும் உள்ளூரால் தடுக்க முடியவில்லை!

1965-ல் அங்கே வந்து சேர்ந்தவர் மில்லர்ட் ஃபுல்லர். அலபாமாவைச் சேர்ந்த வழக்கறிஞர், கெட்டிக்கார வியாபாரி. சமையல் புத்தகம், டிராக்டர் இருக்கைக்கு மெத்தை என்று கிடைத்ததையெல்லாம் விற்று 29 வயதிலேயே கோடீஸ்வரர் ஆனவர். பணம் சேர்ந்த வேகத்தில் குடும்பம் உடையப் பார்த்தது. மனைவி லிண்டா பிரிந்து நியூயார்க் போய்விட்டார். ஃபுல்லர் பின்னாலேயே போய்ப் பேசினார். சொத்தையெல்லாம் கொடுத்துவிட்டு முதலிலிருந்து ஆரம்பிப்பது என்று இருவரும் முடிவெடுத்தார்கள். கொயினோனியாவில் சில மணி நேரம் இருந்துவிட்டுக் கிளம்புவதாகத்தான் வந்தார்கள். ஒரு மாதம் தங்கினார்கள்.

1968-ல் ஜோர்டனும் ஃபுல்லரும் சேர்ந்து ஒரு திட்டம் போட்டார்கள். சுற்றுவட்டாரத்தில் வாரத்துக்கு உழுத கறுப்பினக் குடும்பங்கள் நிலை அப்போது மோசமாகிக்கொண்டிருந்தது. இயந்திரங்கள் வந்து வேலை போனது. குடியிருந்ததோ நில உரிமையாளரின் மரக் குடிசை, குழாயும் கழிப்பறையும் இல்லாதது. வங்கி அவர்களை வாசலிலேயே நிறுத்திவிடும். ஜோர்டன் சொன்னதன் சாரம் இதுதான்: இவர்களுக்குத் தேவை தர்மம் அல்ல, முதல். கையில் முதல் இருந்தால் மற்றதை அவர்களே பார்த்துக்கொள்வார்கள்.

பண்ணை நிலத்தில் அரை ஏக்கர் வீதம் 42 வீட்டு மனைகள் பிரிக்கப்பட்டன. மனிதநேய நிதி என்று ஒரு பொது நிதி உருவானது. நண்பர்கள் நன்கொடை தந்தார்கள், சிலர் வட்டியில்லாமல் கடன் தந்தார்கள். அந்தப் பணத்தில் வீடு கட்டி, லாபம் வைக்காமல், வட்டி போடாமல், 20 வருடத் தவணையில் குடும்பத்துக்கு விற்பது. கட்டிய தவணை மறுபடி நிதிக்கே போய் அடுத்த வீட்டுக்குச் செங்கல் ஆகும். ஏழையிடம் வட்டி வாங்காதே என்று பைபிளின் யாத்திராகமத்தில் இருக்கும் கட்டளையை அவர்கள் எழுத்துக்கு எழுத்து எடுத்துக்கொண்டார்கள்.

தவணைச் சுழற்சியை நாமும் போட்டுப் பார்க்கலாம். ஒரு வீட்டுக்கு 240 மாதத் தவணை. 20 குடும்பங்கள் ஒரு வருடம் கட்டினால் 240 தவணை சேர்ந்துவிடும், ஒரு புது வீட்டின் விலை. 42 வீடுகளும் நிரம்பினால் வருடத்துக்கு இரண்டு வீடு. கேட்க அழகாக இருக்கிறது. ஆனால் சிமெண்ட் விலை 20 வருடம் அதே இடத்தில் நிற்காதே! இன்று கட்டும் தவணை நேற்றைய விலையில் வருகிறது. அதனால் இந்த நிதி தானாகவே ஓடும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். வெளியிலிருந்து நன்கொடை வந்துகொண்டே இருந்தால்தான் ஓடும், இன்றைக்கும் அப்படித்தான் ஓடுகிறது.

1973-ல் ஃபுல்லர் குடும்பம் ஆப்பிரிக்காவின் ஜயர் நாட்டுக்கு (இன்றைய காங்கோ) போய், இம்பண்டாக்கா நகரில் மூன்று வருடம் இதே முறையில் வீடு கட்டியது. திரும்பி வந்ததும் 1976-ல் ஹேபிடாட் ஃபார் ஹியூமானிட்டி என்ற அமைப்பு பிறந்தது. தன்னார்வலர்களைக் கொண்டு வீடு கட்டும் அமைப்பு என்று உலகம் அறிந்திருப்பது இதைத்தான்.

தன்னார்வலர் என்றதும், யாரோ வந்து கட்டிச் சாவியைக் கையில் கொடுத்துவிட்டுப் போவார்கள் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். நடைமுறை அப்படியில்லை. குடும்பத்தைத் தேர்ந்தெடுக்க மூன்று விஷயம் பார்க்கிறார்கள். இப்போது இருக்கும் வீடு எவ்வளவு மோசம், தவணை கட்ட முடியுமா, கூட நின்று உழைக்கத் தயாரா. அமெரிக்காவில் ஒரு குடும்பம் சில நூறு மணி நேரம் வேலை செய்தாக வேண்டும். தன் வீட்டில் மட்டுமில்லை, அடுத்தவர் வீட்டிலும். வேலை வாங்கினால்தான் கூலி என்பதைத் திருப்பிப் போட்டு, வியர்வையே முன்பணம் என்று வைத்துக்கொண்டார்கள். உடல்நலமில்லாதவர்களுக்கு அலுவலக வேலை, சமையல் என்று ஏதாவது ஒன்று. கிரயம் குடும்பத்தின் பெயரில்தான். பல இடங்களில் ஒரு நிபந்தனையும் உண்டு. சந்தை விலைக்கும் இவர்கள் கொடுத்த விலைக்கும் உள்ள வித்தியாசம் இரண்டாவது அடமானமாகப் பத்திரத்தில் பதியப்படும். வருடம் ஆக ஆக அது கழியும். சீக்கிரமே விற்று லாபம் பார்க்க நினைப்பவர் அந்தத் தொகையைத் திருப்பித் தர வேண்டும்.

அமைப்பு பிரபலமானது ஜிம்மி கார்ட்டரால். முன்னாள் ஜனாதிபதி, அமெரிக்கஸுக்குப் பக்கத்து ஊரான பிளெயின்ஸைச் சேர்ந்தவர். 1984 செப்டம்பரில் அவரும் மனைவி ரோசலினும் மற்ற தன்னார்வலர்களோடு பஸ்ஸில் நியூயார்க் போனார்கள். தீப்பிடித்துப் பாழாகிக் கிடந்த ஆறு மாடிக் கட்டடம் ஒன்றை 19 குடும்பங்களுக்கான குடியிருப்பாக மாற்றும் வேலை. நாட்டை ஆண்டவர் கையில் சுத்தியலோடு இடிபாட்டை அள்ளுவதைப் பத்திரிகைகள் விடுமா? அதற்குப் பிறகு வருடாவருடம் எங்காவது ஓர் ஊருக்குப் போய்க் கட்டினார். 2006-ல் நம் நாட்டுக்கே வந்து, மகாராஷ்டிராவின் லோனாவாலா அருகே 100 வீடுகள் எழும்ப உதவினார். 2004 சுனாமிக்குப் பிறகு தமிழ்நாட்டுக் கடலோரத்திலும் இந்த அமைப்பு வீடுகள் கட்டியது.

குறை இல்லாமல் இல்லை. சுத்தியல் பிடிக்கத் தெரியாதவர் அடித்த ஆணியை மேஸ்திரி பிடுங்கி மறுபடி அடிக்க வேண்டியிருக்கும். ஒரு வாரம் கட்டுவதற்காக விமானத்தில் பறந்து வருபவரின் டிக்கெட் காசில் உள்ளூர்க் கொத்தனார் பலருக்கு வேலை கொடுக்கலாமே என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான். என் எண்ணத்தில், ஒரு குடும்பத்தை வீட்டுக்காரராக்குவதில் தன்னார்வலரின் உழைப்பைவிட வட்டியில்லாத அந்தத் தவணைக்குத்தான் பங்கு அதிகம். ஆனால் ஒன்று, வந்து கல் சுமந்தவர்தான் ஊர் திரும்பியதும் நன்கொடைக்குக் கையெழுத்துப் போடுகிறார். சிமெண்ட் விலை ஏற ஏற நிதியை ஓட வைப்பது அந்தக் கையெழுத்து.

2005-ல் நிர்வாகக் குழுவோடு ஏற்பட்ட மோதலில் ஃபுல்லர் தன் அமைப்பிலிருந்தே நீக்கப்பட்டார். 70 வயதில் வேறொரு வீட்டுவசதி அமைப்பைத் தொடங்கி 2009 பிப்ரவரியில் இறக்கும்வரை கட்டிக்கொண்டே இருந்தார்.

ஜோர்டன் 1969 அக்டோபரிலேயே போய்விட்டார். அப்போது முதல் வீடு முடியும் தறுவாயில் இருந்தது. இறப்பைச் சான்றளிக்க வேண்டிய அதிகாரி பண்ணைக்கு வர மறுத்ததால் உடலை ஃபுல்லரே காரில் ஊருக்குள் எடுத்துப்போனார். சாதாரண மரப்பெட்டியில் வைத்து, கல்லோ பெயரோ இல்லாமல் பண்ணை நிலத்திலேயே புதைத்தார்கள். நாற்பது வருடம் கழித்து ஃபுல்லரையும் அதே பண்ணையில், அதே மாதிரி ஒரு மரப்பெட்டியில் வைத்துப் புதைத்தார்கள்.