மமாலா பட்டை போன வழி

சமோவாக் காட்டில் மமாலா சிறிய மரம். ஆமணக்குக் குடும்பத்தைச் சேர்ந்தது. அதன் பட்டையை நீரில் ஊறவைத்து, மஞ்சள் காமாலை கண்டவர்களுக்குக் குடிக்கக் கொடுத்து வந்தார்கள் தீவின் வைத்தியப் பெண்கள். கண்ட மரத்தில் எல்லாம் கைவைக்க மாட்டார்கள். மமாலாவில் இரண்டு வகை உண்டு, ஒன்றுதான் மருந்துக்காகும், அதுவும் இன்ன பருமன் வந்திருக்க வேண்டும் என்பது அவர்கள் கணக்கு. 2008இல் ஆய்வகத்தில் அளந்தபோது, மருந்துச் சத்து மரத்துக்கு மரம் பல மடங்கு மாறுவது தெரிந்தது.

இந்தப் பட்டையின் பயனைச் சொல்லிக்கொடுத்தவர்களில் ஒருவர் எபெனேசா மவுயிங்கோவா. கேட்டுக்கொண்டவர் அமெரிக்கத் தாவரவியலாளர் பால் ஆலன் காக்ஸ். தாயைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்துவிட்டு மருந்து தேடி வந்தவர். சமோவ மொழி பேசுவார்.

பட்டை அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவனத்துக்குப் போனது. அதில் பிரிந்து வந்த பொருள் புரோஸ்ட்ராட்டின். இதன் வேதியியல் உறவுகள் பல புற்றுக்கட்டியைத் தூண்டுபவை என்பதால் ஆய்வாளர்கள் தயங்கினார்கள். இது தூண்டவில்லை. எச்.ஐ.வி.யிடமிருந்து செல்களைக் காக்கிறது என்று 1992இல் முடிவு வெளியானது. செல்களுக்குள் பதுங்கி உறங்கும் வைரஸை இது எழுப்பிவிடும் என்பது பிறகு தெரிந்தது. இன்றுள்ள கூட்டு மருந்துகளால் எட்ட முடியாத பதுங்கிடம் அது!

இதற்கெல்லாம் முதலில் காடு மிஞ்ச வேண்டுமே. சவாயித் தீவின் ஃபலேயலூபோ ஊரார், பள்ளிக்கூடம் கட்டப் பணமில்லாமல் தங்கள் காட்டை மரம் வெட்டும் நிறுவனத்துக்கு விட்டிருந்தார்கள். 1980களின் இறுதியில் காக்ஸ் பணம் திரட்டிப் பள்ளிக் கடனை அடைக்க, காட்டை 50 ஆண்டு காப்பதாக ஊர் ஒப்புக்கொண்டது.

அடுத்த ஒப்பந்தம் 2001இல். எய்ட்ஸ் ஆய்வுக் கூட்டமைப்பு ஒன்று, மருந்து லாபத்தில் 20 சதவீதத்தை சமோவாவுக்குத் தர எழுதிக் கொடுத்தது. அதில் அரசுக்கும் ஃபலேயலூபோவுக்கும் மட்டுமல்லாமல், சொல்லிக்கொடுத்த வைத்தியர்களின் குடும்பங்களுக்கும் பங்கு உண்டு. மூலிகை அறிவை எடுத்துக்கொண்டு பேரைக்கூடச் சொல்லாமல் போனவர்களே அதிகம் என்பதால், அந்தப் பத்தி எனக்கு முக்கியம். 2004இல் பெர்க்லி பல்கலைக்கழகம், மரத்தின் மரபணு வழியே வரும் வருவாயில் சரிபாதி தர இசைந்தது.

பிறகு பாதை நம் பக்கம் திரும்பியது. 2008இல் ஸ்டான்ஃபோர்டின் பால் வெண்டர் குழு, நேர்வாள எண்ணெயிலிருந்து புரோஸ்ட்ராட்டினைத் தயாரித்துக் காட்டியது. சித்த வைத்தியர்கள் சுத்தி செய்து பேதிக்குக் கொடுக்கும் அதே நேர்வாளம்தான். இனி மமாலாவின் பட்டையை உரிக்க வேண்டியதில்லை.

புரோஸ்ட்ராட்டின் இன்னும் விற்பனைக்கு வரவில்லை. வரும்போது எந்த விதையிலிருந்து எடுத்திருந்தாலும், அந்தக் குடும்பங்களின் பங்கில் ஒரு காசும் குறையக் கூடாது.